மீட்டர் சொன்னதும் சேசிஸ் சொன்னதும்: ஊத்தான் மெலிந்தாங்கில் ஒரு பழைய பிக்கப் வாங்கிய நிகழ்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தென்கோடியில், பெர்ணாம் ஆற்றை ஒட்டிய செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிறிய ஊர் ஊத்தான் மெலிந்தாங். இங்கே பிக்கப் வண்டியை ஃபோர்வீல் என்றுதான் சொல்வோம். இந்த நிகழ்வில் வரும் குடும்பத்தில் கணவர் குலை அறுக்கும் குத்தகைக்காரர். மனைவி வீட்டிலிருந்தபடியே குத்தகைக் கணக்கு முழுவதையும் பார்த்துக்கொள்கிறார். அவர்களுக்குச் சொந்தமாக ஆறு ஏக்கர் செம்பனை உண்டு. ஒரு சுற்று அறுத்தால் ஒன்றரை டன் முதல் இரண்டு டன் வரை குலை சேரும்.

2024 ஜூலையில் அவர்களுடைய பழைய வேனின் கியர்பாக்ஸ் உடைந்தது. அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்ப்பதுதான் முறை. கிடக்கக் கிடக்கப் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். தரம் பார்த்து விலை போடுகிறவர்கள் உடனே குறைப்பார்கள். ஆகவே ஒரு நாள் வண்டி நின்றால் அந்த நாள் கூலியோடு அறுத்த குலையின் விலையும் போகிறது. நம்பகமான வண்டி என்று அவர்கள் கேட்டதன் பொருள் இதுதான். வசதியும் தோற்றமும் அவர்களுக்கு இரண்டாம் பட்சம்.

அதற்கு முந்தைய மாதம், ஜூன் 10ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு உயர்ந்திருந்தது. எங்கள் வட்டாரத்திலேயே சிலர் டீசல் வண்டியை விற்க முன்வந்தார்கள். வாங்குகிறவருக்கு நல்ல நேரம் என்று பலரும் சொன்னார்கள். எனக்கோ, எந்த வண்டியை எதற்காக விற்கிறார்கள் என்பதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டிய நேரமாகத் தோன்றியது.

நான் ஒரு தோட்டத்துப் பட்டறையில் 26 ஆண்டுகள் டிராக்டரும் லோரியும் பழுதுபார்த்தவன். “அண்ணே, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால்தான் பணம் கொடுப்போம்” என்று மனைவியான அந்தத் தங்கை வந்து நின்றபோது மறுக்க முடியவில்லை. அவர்கள் கையில் இருந்தது 34,000 ரிங்கிட். அதில் ஒரு பகுதி கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்). கடன் வாங்குவதில்லை என்று இருவரும் முன்பே முடிவு செய்திருந்தார்கள்.

முதல் வண்டி

தெலுக் இந்தானில் ஒரு வியாபாரியிடம் இருந்தது: 2011ஆம் ஆண்டின் ஹைலக்ஸ், 2.5 லிட்டர் டீசல். மீட்டர் 138,000 கிலோமீட்டர் காட்டியது. கேட்ட விலை 41,000. பேசினால் குறைப்பார் என்று நம்பிப் போனோம்.

காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது பானட்டின் மேல் கை வைத்தேன். சூடாக இருந்தது. வியாபாரி எங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார். டீசல் எஞ்சினின் நோய்கள் பலவும் குளிர்ந்த நிலையில்தான் வெளியே தெரியும்: பிளக் சரியாகச் சூடேறாதது, இன்ஜெக்டர் கசிவு, தேய்ந்த பிஸ்டன் வளையங்களால் கம்ப்ரஷன் குறைந்தது எல்லாம் முதல் அரை நிமிடத்தில் புகையாகவும் நடுக்கமாகவும் வரும். சூடான எஞ்சின் அதையெல்லாம் மறைத்துவிடும். நாளைக் காலை யாரும் தொடாமல் வைத்திருங்கள், மீண்டும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் பார்க்க முடிந்ததை மட்டும் பார்த்தோம்.

அதுவே போதுமானதாகிவிட்டது. இந்த எஞ்சினில், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் இருக்கிறது. ஏறக்குறைய 150,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெல்ட் மாற்றும் மெக்கானிக்குகள் பலர் பெல்ட் மூடியின் மேலேயே தேதியையும் கிலோமீட்டரையும் பெயின்ட் பேனாவால் எழுதி வைப்பார்கள். டார்ச் அடித்து எட்டிப் பார்த்தேன். தூசிக்கு அடியில் வெள்ளை எழுத்தில் 152,300 என்று இருந்தது. மீட்டரிலோ 138,000.

நான் எதுவும் சொல்லவில்லை. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மனைவியிடம் காட்டினார். மூவரும் பேசாமல் வெளியே வந்தோம். வியாபாரியிடம் சண்டை போடவில்லை. மீட்டரைத் திருப்பியவர் அவர்தானா, அவருக்கு விற்றவரா என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் பெல்ட் மாற்றிய பிறகு அந்த வண்டி இன்னும் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது என்பதும் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நம்பத் தகாத எண்ணை அடிப்படையாக வைத்து விலை பேசுவதில் பொருளில்லை என்று விட்டுவிட்டோம்.

அந்தப் பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்ததையும், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் பிய்ந்திருந்ததையும் நான் முதலில் பார்க்கவே செய்தேன். ஆனால் தோட்டத்துச் சப்பாத்தோடு ஏறி இறங்கினால் குறைந்த ஓட்டத்திலேயே அப்படித் தேய்ந்துவிடும். ஆகவே அவற்றை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். மூடியில் இருந்த எழுத்து வேறு வகைச் சாட்சி.

இரண்டாவது வண்டி

இது கிள்ளான் பக்கமிருந்து வந்தது. 2014ஆம் ஆண்டு வண்டி, இரட்டை கேபின். தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், ஏனென்றால் குறை நிறுவனத்தினுடையதன்று. விலை 33,000. உள்ளே புத்தம் புதிய தரை விரிப்பு, இருக்கைக்குப் புது உறை, நல்ல வாசனை. கணவருக்கு மிகவும் பிடித்துப்போனது.

பத்து வயதான வேலை வண்டிக்குப் புதுத் தரை விரிப்பு எதற்கு என்ற கேள்விதான் என்னை உறுத்தியது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான், ஷா ஆலம் பகுதிகளில் வண்டிகள் மூழ்கிக் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஓட்டுநர் இருக்கையின் பெல்ட்டைக் கடைசி அங்குலம்வரை வெளியே இழுத்தேன். அன்றாடம் இழுக்கிற நீளம் சுத்தமாக இருந்தது. அதற்கு மேல், சுருளுக்குள்ளேயே இருக்கும் பகுதியில், பழுப்பு நிறக் கோடு ஒன்று குறுக்கே ஓடியது. சேற்று நீர் நின்று வடிந்த கோடு. பெல்ட்டை மாற்ற யாருக்கும் தோன்றுவதில்லை.

உறுதி செய்துகொள்ள இன்னும் இரண்டு இடங்களைப் பார்த்தோம். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளின் தலை துருவேறி, அண்மையில் திருகிய தடத்தோடு இருந்தது. பின் டிஃபரன்ஷியலின் (பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியின்) எண்ணெய் நிரப்பும் நட்டைத் திறக்க விற்பவர் அனுமதித்தார். விரலை விட்டுப் பார்த்தேன். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தது.

இந்தக் கடைசி அறிகுறியைத் தோட்டத்து வண்டிகளில் தனியாகக் கவனிக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்காத வண்டியிலும் இது நேரும். ஓடிச் சூடேறிய டிஃபரன்ஷியல் குளிர்ந்த வாய்க்கால் நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. அதன் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் அல்லது நீருக்குள் இருந்தால், சுருங்கும் காற்று தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆக, பால் நிற எண்ணெய் மட்டும் இருந்தால் எண்ணெயை மாற்றி, பேரிங் சத்தம் கேட்டு, விலையைக் குறைத்து வாங்கலாம். பெல்ட்டின் கோடும் இருக்கை போல்ட்டும் சேர்ந்தபோதுதான் தண்ணீர் கேபினுக்குள் ஏறியது உறுதியானது. மின்கம்பிகளின் இணைப்புகளில் தங்கிய ஈரம் எப்போது பழுதாக வெளிப்படும் என்று எவராலும் சொல்ல முடியாது. தினமும் குலை ஏற்றும் குடும்பத்துக்கு அந்த வண்டி வேண்டாம் என்றேன்.

கணவர் வருத்தப்பட்டார். “அழகான வண்டி, அண்ணே” என்று மட்டும் சொன்னார். அந்த வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆண்டுக்கணக்கில் ஒழுகும் வேனில் ஓடியவர் அவர்.

மூன்றாவது வண்டி

ஆகஸ்ட் தொடக்கத்தில், எங்கள் ஊரிலேயே ஒரு பெரியவர் தம் வண்டியை விற்பதாகக் கேள்விப்பட்டோம். 2010ஆம் ஆண்டு, 3.0 லிட்டர் டீசல், டைமிங் செயின் கொண்ட எஞ்சின், நான்கு சக்கர இயக்கம். மீட்டரில் 271,000 கிலோமீட்டர். கேட்ட விலை 28,500. முன் கதவில் பள்ளம், பின்தட்டில் துரு. பார்த்தவுடன் கணவரின் முகம் சுருங்கியது.

அந்தப் பெரியவர் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே 11 ஆண்டு ரசீதுகள். கருப்பெண்ணெய் (எஞ்சின் எண்ணெய்) மாற்றிய தேதிகள், கிளட்ச், ரேடியேட்டர், இன்ஜெக்டர் இரண்டு. ரசீதுகளிலிருந்த கிலோமீட்டர் எண்கள் ஆண்டுக்கு ஆண்டு ஒழுங்காக ஏறிச் சென்றன. அந்தத் தங்கை தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடுக்கி, ஒன்றரை ஆண்டு ரசீது மட்டும் இல்லை என்று கண்டுபிடித்தார். “அந்த நேரம் எனக்கு ஆப்பரேஷன், அம்மா. வண்டி அதிகம் ஓடவில்லை” என்றார் பெரியவர். எண்களும் அதற்கு ஒத்துப்போயின.

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் போனோம். எஞ்சின் குளிர்ந்திருந்தது. இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. இலேசான வெண்புகை வந்து ஒரு நிமிடத்தில் மறைந்தது. எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக வாய்மேல் வைத்தேன். வளையங்கள் தேய்ந்த எஞ்சினில் எரிந்த வாயு கீழே கசிந்து அந்த மூடியைத் தூக்கி எறியும்; எங்கள் பட்டறையில் எஞ்சின் மூச்சு விடுகிறது என்போம். இங்கே மூடி நடுங்கியது, ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை. அந்த ஓட்டத்துக்கு அது நியாயமான நிலை.

பிறகு நான் கேட்டது பெரியவருக்கு வியப்பாக இருந்தது. பன்னிரண்டு உர மூட்டைகளை ஏற்றச் சொன்னேன். மூட்டை 50 கிலோ, மொத்தம் 600 கிலோ. வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இந்த வண்டி வெறுமனே ஓடப்போவதில்லையே. எங்கள் பகுதி தட்டையான நிலம், ஏற்றம் என்று சொல்ல பெர்ணாம் ஆற்றுப் பாலம்தான் உண்டு. அதன் மேல் நான்காவது கியரில் மெதுவாகத் தொடங்கி முழுதாக மிதித்தோம். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். அப்படி எதுவும் இல்லை. வெப்பமானி நடுவிலேயே நின்றது. திரும்பும் வழியில் செம்மண் பாதையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுப் பார்த்தோம். உயர், தாழ் இரண்டு நிலைகளும் சரியாக விழுந்தன. தார்ச்சாலையில் இதைச் செய்யக் கூடாது. முன்பின் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பாகங்களை நெரிக்கும்.

குறைகளும் இருந்தன. முன்பக்கக் கீழ் பால் ஜாயின்ட் (முன் சக்கரத்தைத் தாங்கும் உருண்டை இணைப்பு) இரண்டும் ஆடின. பின் வில்லில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்திருந்தார்கள். அதாவது அளவுக்கு மேல் சுமந்த வண்டி. பின்தட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றியதும் முன் மூலைகளில் ஓட்டை தெரிந்தது. பெரியவர் பல ஆண்டுகள் உரம் ஏற்றியவர். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது. அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். கடலோரத்தில் ஓடும் வண்டியை விடவும் உரம் சுமந்த வண்டியின் அடிப்பகுதி மோசமாக இருக்கக் கண்டிருக்கிறேன்.

ஆகவே வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு உள்ளே பரவியிருந்தால் மந்தமாகக் கேட்கும். வில் கொக்கிகள், பின் குறுக்குச் சட்டம், எஞ்சின் தாங்கி என்று தட்டினேன். ஓரிடத்தில் மட்டும் சற்று மந்தம், துளை இல்லை. எரிபொருள் தொட்டிக்கு மேல் கை போகவில்லை. சேறு அப்பியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

எடுத்த முடிவும் காரணமும்

அன்று மாலை மூவரும் உட்கார்ந்து பேசினோம். கணவரின் தயக்கம் 271,000 என்ற எண். நான் சொன்னது இதுதான்: இந்த எண் உண்மை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. முதல் வண்டியின் எண் பொய் என்பதற்கு ஆதாரம் இருந்தது. குறைகள் எங்கே என்று தெரிந்த வண்டிக்குப் பணம் ஒதுக்க முடியும். தெரியாத வண்டிக்கு எவ்வளவு ஒதுக்குவது?

மனைவிதான் கணக்குப் போட்டார். வாங்கும் விலையோடு பழுதுக்கென்று 4,500 ரிங்கிட்டைத் தனியாக எடுத்து வைத்து, அதைத் தொடக் கூடாது என்று முடிவெடுத்தார். பால் ஜாயின்ட்டையும் பின்தட்டையும் காட்டிப் பேசியதில் பெரியவர் 25,500க்கு ஒப்புக்கொண்டார். பெயர் மாற்றத்துக்காக வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோம் செய்யும் சோதனையில் வண்டி முதல் முறையே தேறியது. பிரேக்கும் புகையும் சரியென்று வந்தன. கணவர் அதைப் பெரிய சான்றாக எடுத்துக்கொண்டார். அந்தச் சோதனை வண்டியின் எண்களையும் அன்றைய பாதுகாப்பு நிலையையும் பார்க்கிறது. அடுத்த ஆண்டு எப்படி ஓடும் என்பதைச் சொல்வது அதன் வேலையில்லை என்று விளக்கினேன்.

தொடர்ந்து நடந்தவை

முதல் மாதம் பால் ஜாயின்ட், எல்லா எண்ணெய்களும், டீசல் வடிகட்டி, ரேடியேட்டர் ரப்பர் குழாய்கள், இரண்டு டயர், பின்தட்டு வெல்டிங் என 2,960 ரிங்கிட் செலவானது. அதன்பின் நான்கு மாதம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

2025 ஜனவரியில், குலை எடைபோடும் வரிசையில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தபோது கணவர் பிரேக்கை மிதித்தார். பெடல் தரைவரை போயிற்று. பின் சக்கரங்களுக்குப் போகும் இரும்புக் குழாய் வெடித்து அந்தப் பாதையின் எண்ணெய் முழுவதும் கொட்டிவிட்டது. முன், பின் பிரேக்குகளுக்குத் தனித்தனிப் பாதை இருப்பதால் முன் பிரேக் பிடித்து நிறுத்தியது. முன்னால் நின்ற லோரிக்கும் வண்டிக்கும் இடையே இரண்டடி. யாருக்கும் காயமில்லை.

குழாய் வெடித்த இடம் எரிபொருள் தொட்டிக்கு மேலே. கிளிப் பிடித்திருந்த இடத்தில் சேறும் உரத் தூளும் ஆண்டுக்கணக்கில் இறுகி, அதற்குள் குழாய் காகிதம்போல் மெலிந்திருந்தது. நான் கை விடாமல் விட்ட அதே இடம். புஸ்பாகோம் சோதனையில் பிரேக் தேறியதும் உண்மை. ஐந்து மாதத்தில் குழாய் வெடித்ததும் உண்மை. தவறு என்னுடையது. எஞ்சினைப் பார்ப்பதில் காட்டிய பொறுமையை நான் அங்கே காட்டவில்லை. அதே வண்டியில் அவர்கள் மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தபோது எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

முன்னிருந்து பின்வரை எல்லாப் பிரேக் குழாய்களையும் செம்பு-நிக்கல் குழாயாக மாற்றினோம். பின் சக்கர சிலிண்டர்களோடு 640 ரிங்கிட். இரண்டு நாள் வண்டி நின்றது. ஜூனில் ஆல்டர்னேட்டர் போனது: 480 ரிங்கிட், ஒரு நாள். 2025 அக்டோபர்வரை 14 மாதத்தில் வண்டி 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது; பழுதுச் செலவு மொத்தம் 4,080. ஒதுக்கி வைத்த 4,500இல் இன்னும் 420 மீதமிருக்கிறது. கருப்பெண்ணெய் குறைவதில்லை, புகையும் கூடவில்லை. முதல் வண்டி ஒரு மாதத்துக்குள் விற்றுப்போனது என்று மட்டும் கேள்விப்பட்டோம்.

இனி மாற்றிச் செய்வது

இனி எந்த வண்டியையும் அடிப்பக்கம் நீர் அடித்துக் கழுவிய பிறகே பார்ப்பேன். கழுவ விற்பவர் மறுத்தால் பார்க்க மாட்டேன். கழுவியதும் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து, பிரேக் குழாயைச் சக்கரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கிளிப்பாக மாஸ்டர் சிலிண்டர்வரை பின்தொடர வேண்டும். உரம் சுமந்த வண்டி என்று தெரிந்தால், குழாய் நன்றாகத் தோன்றினாலும் அதன் மாற்றுச் செலவை விலையிலேயே கழித்து, சாலையில் இறங்குமுன் மாற்றிவிடச் சொல்வேன். 640 ரிங்கிட் பெரிய தொகைதான்; ஆனாலும் அந்த எடை வரிசையை நினைத்தால் தயங்க மாட்டேன்.

சுமை ஏற்றி ஓட்டுவதைக் கடைசியாக வைக்காமல் தொடக்கத்திலேயே செய்யலாம்; தேறாத வண்டிக்கு அடியில் படுத்து எழும் நேரம் மிச்சமாகும். முடிந்தால் என்னைப் போன்ற எஞ்சின்காரரோடு வெல்டிங் வேலை தெரிந்த ஒருவரையும் அழைத்துப் போவது நல்லது. அவர் பார்க்கும் இடங்கள் வேறு.

அந்தத் தங்கை இப்போது தனி நோட்டு ஒன்று வைத்து, பெரியவரின் பிஸ்கட் தகரத்து ரசீதுகளிலிருந்தே தொடங்கி எல்லாவற்றையும் எழுதி வருகிறார். சுத்தியல் ஒலி மந்தமாகக் கேட்ட அந்த ஓரிடம் பின் குறுக்குச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றி வெள்ளைப் பெயின்டால் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். நவம்பர் மழை பிடிப்பதற்கு முன் மீண்டும் தட்டிப் பார்க்க நாள் குறித்திருக்கிறது.